ரோட்டைப் பாக்காதே, கையைப் பாரு

2023 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு என் நினைவாற்றல் காரணமல்ல. சைக்கிளின் கைப்பிடியில் பொருத்தியிருந்த சிறு கருவி அன்றைய பயணத்தை நிமிடவாரியாகச் சேமித்து வைத்திருக்கிறது. முடிச்சூர் சாலையில், முதல் முறையாக, எங்கள் சைக்கிள் குழுவின் கேப்டனுக்கு நேர் பின்னால் இரண்டாவதாக ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர்.

முந்தின இரவுதான் அந்தச் சாலைக்குத் தார் போட்டிருந்தார்கள். வாடை இன்னும் அடங்கவில்லை. சக்கரங்களுக்கு அடியில் ஓசையே எழவில்லை. என் விளக்கின் வெளிச்சத்தில் சாலை கரும்பலகையைப் போல மாசற்று நீண்டு கிடந்தது. அந்த வழவழப்பின் மீது அவருடைய இடது கை இறங்கியது. சுட்டுவிரல் தரையைக் காட்டியது.

"குழி!"

அவர் வலப்புறம் ஒதுங்கினார். நானும் ஒதுங்கினேன். எனக்குப் பின்னால் அந்தச் சொல் வரிசையின் கடைசி வரை கைமாறிப் போவது கேட்டது. குழி, குழி, குழி. பதினான்கு சைக்கிள்களும் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டு போயின.

இருநூறு அடிக்கு அப்பால் மீண்டும் அதே கை, அதே சொல், அதே வளைவு. மண்ணிவாக்கத்தை எட்டுவதற்குள் ஏழு முறை. ஏழு முறையும் அங்கே குழி இல்லை. ஏழு முறையும் பதினான்கு பேரும் ஒதுங்கினோம்.

வெளியாருக்கு இது விளங்குவது கடினம். கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஒரே வரிசையில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஒரு முழ இடைவெளியே விட்டு, மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போவார்கள். முதலில் செல்பவர் எதிர்காற்றைத் தன் உடம்பால் உடைத்துத் தருவார். மற்றவர்கள் அந்த நிழலில் களைப்பின்றி வருவார்கள். அதற்கு ஈடாகப் பின்னால் வருபவர்கள் இழப்பது ஒன்று உண்டு. அவர்களுக்குச் சாலை தெரியாது. முன்னே செல்பவரின் முதுகும் பின் சக்கரமும் மட்டுமே தெரியும். எனவே சாலையை முதலில் செல்பவர் கையால் சொல்வார். விரல் தரையைக் காட்டினால் குழி. உள்ளங்கை விரிந்து அசைந்தால் மணல். முதுகுக்குப் பின்னால் கை வீசினால் ஒதுங்கு. விரல்களை முட்டியாக மடக்கினால் நில்.

புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் கேப்டன் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "ரோட்டைப் பாக்காதே, கையைப் பாரு."

அன்று படப்பையில், கடைத்தெருவின் முதல் தேநீர்க் கடையில், கீழ்க்கட்டளை அண்ணன்தான் பேச்சைத் தொடங்கினார். அவருக்குக் கீழ்க்கட்டளையில் பெயிண்ட் கடை. தாத்தா காலத்தில் அங்கே நெல் விளைந்த நிலத்தில் இப்போது அந்தக் கடையும் வீடும் நிற்கின்றன. எங்கள் குழுவைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தவர் அவர். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக எப்போதும் கடைசியில் வருவார்.

"இன்னா கேப்டன், நேத்துதான் ரோடு போட்ருக்கான். நீங்க இன்னாடான்னா குழி குழின்றீங்க. நானும் தேடிப் பாக்குறேன், ஒண்ணியும் காணோம். கான்ட்ராக்டர் மேல இன்னா காண்டு உங்களுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கேப்டனுடைய உரத்த, தடையற்ற சிரிப்பு. "பழக்கம்ணா. கை அதுவா இறங்குது. ஆறு வருஷமா காட்டின குழியாச்சே, பாசம் விடல."

"பாத்தியா, குழி மேலகூட பாசம் வச்சிருக்காங்க! எங்க வூட்ல என் மேலகூட இவ்ளோ பாசம் கெடையாது."

மீண்டும் சிரிப்பு. நானும் சிரிக்க முயன்றேன். அப்போதுதான் கடைக்காரர் கேப்டனின் இடப்பக்கமாகத் தேநீரை நீட்டினார். மேசைக்கு மேலே, அவருடைய முகத்திலிருந்து ஒரு சாண் தொலைவில், கண்ணாடித் தம்ளர் காத்துக்கொண்டு நின்றது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். "மேடம், டீ" என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான் தலை திரும்பியது. பிறகு கண்கள் தம்ளரைக் கண்டடைந்தன. அதன் பிறகே கை வந்தது. நான் மட்டும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயதிருக்கும். குரோம்பேட்டையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. செம்பாக்கத்தில் தனியாக இருந்தார். குட்டையாக வெட்டிய தலைமுடி, வெயிலில் இரண்டு நிறமாகிப்போன முன்கைகள், எப்போதும் மஞ்சள் சட்டை. ஒவ்வொரு ஞாயிறும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவார். ஆளுக்கு ஒன்று. யாராவது வேண்டாம் என்றால், "கால் வலிச்சா உங்க வீட்டுக்காரம்மா என்னைத்தான் திட்டும், தின்னுங்க சார்" என்பார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதாமலிருப்பது மரியாதையா வேறொன்றா என்பதில் எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

என்னைக் குழுவில் சேர்த்தவரே அவர்தான். தமிழ் முதுகலை முதலாண்டில் சேர்ந்திருந்தேன். சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றித் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவளை ஒரு மாலை நிறுத்தி, "நல்லா மிதிக்கிற. சுத்திச் சுத்தி ஒரே எடத்துல ஏன் மிதிக்கிற?" என்று கேட்டார். அப்பா சம்மதிக்கமாட்டார் என்றேன். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா கணக்கு ஆசிரியர். வாக்குறுதிகளில் நம்பிக்கை இல்லாதவர்.

"விடியறதுக்கு முன்னாடி லாரி ஓடற ரோட்டுல பொண்ணை அனுப்பச் சொல்றீங்க."

"எனக்குப் பின்னாடிதான் சார் வருவா. எனக்கு ஆகாம அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

அப்பா அதைச் சிறிது நேரம் எடை போட்டுப் பார்த்தார். கணக்கில் பிழை இல்லை என்று பட்டிருக்க வேண்டும். அனுப்பினார். அந்த வாக்கியத்தை நான் பிற்பாடு பல முறை திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதன் முற்பாதி சற்றுப் பெரிதாகிக்கொண்டே போனது.

கேப்டன் அஞ்சியதை நான் கண்டதில்லை. மணிமங்கலம் ஏரிக்கரையில் ஒரு மணல் லாரி எங்களை உரசுவது போல் முந்திச் சென்று தேநீர்க் கடையில் நின்றபோது, அவர் சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டு ஓட்டுநரின் கதவை உள்ளங்கையால் தட்டினார். "இறங்கு தம்பி. இறங்கி இந்தப் பதினாலு பேர் மூஞ்சியையும் ஒரு தடவை பாரு. பாத்துட்டுப் போ, போதும்." அந்த ஓட்டுநர் உண்மையாகவே இறங்கி, ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, "தப்புதான்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் எங்களில் பலருக்கு அவர்மேல் ஏறத்தாழ பக்தி. எனக்கும்தான்.

ஆகஸ்டு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, படப்பையிலிருக்கும் தோழி வீட்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். கண் கூசும் வெயில். சாலையோரத்தில் மஞ்சள் சட்டை தெரிந்தது. அவர் தனியாக, மிக மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். புதுத் தார் எட்டாத ஓரிடத்தில், ஒரு குழியின் அருகே நின்றார். தலையை இடமும் வலமுமாக, ஒரு விளக்கைத் திருப்புவது போலத் திருப்பி, அந்தக் குழியை முழுவதும் பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. பேருந்து கடந்துவிட்டது.

அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமைக்கான வழியைத் தனியாகப் பார்த்துவிட்டு வருவார் என்பது குழுவில் எல்லோரும் அறிந்த செய்தி. அக்கறை என்று அதைப் போற்றினார்கள். நான் மனப்பாடம் செய்யும் துறையில் படிப்பவள். நூற்பாக்களை நாங்கள் ஒப்பிக்கும்போது எங்கள் உதடுகள் எப்படி அசையும் என்பதை அறிவேன். அவர் சாலையைப் பார்வையிட்டுக்கொண்டிருக்கவில்லை. பாடம் செய்துகொண்டிருந்தார்.

அதன் பின் எல்லாம் கண்ணில் படத் தொடங்கின. கை குலுக்க நீளும் கைகளை அவர் காண்பதில்லை. பேசிக்கொண்டே நடக்கும்போது, இழுத்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொள்வார். உடனே அதில் அமர்ந்து, அமரத்தான் வந்தவர் போலக் காட்டிக்கொள்வார். சைக்கிளில் ஒன்றுக்கு இரண்டாக விளக்குகள். புது வழி வேண்டும் என்று யாராவது கேட்டால், "பழைய ரோட்டுக்கு என்ன குறைச்சல்?" என்பார். குரலில் சிரிப்பு இருக்கும். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். நான் எதையும் உடனே சொல்பவள் அல்ல. முழுவதும் உறுதியான பிறகே வாய் திறப்பேன். என்னைப் பற்றி நான் நல்லதாக எண்ணிக்கொண்டிருந்த சில குணங்களில் அதுவும் ஒன்று.

செப்டம்பர் நடுவில், மணிமங்கலம் ஏரிக்கரையில், மற்றவர்கள் தண்ணீரைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கிழங்கை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை நீட்டினார்.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

கிழங்கை வாங்கிக்கொண்டேன்.

"நீ என்னையே பாக்கற. எனக்குப் பக்கத்துல இருக்கறது தெரியாதுதான். ஆனா ஒருத்தர் பாக்கறது தெரியும்." ஏரியை நோக்கித் திரும்பிக்கொண்டார். "நடுவுல ஒரு வட்டம் இருக்கு. பைப் வழியா பாக்கற மாதிரி. வருஷா வருஷம் பைப் சின்னதாகுது. இருட்டுல அந்த வட்டமும் கிடையாது."

"டாக்டர்..."

"ரெண்டு பேர்கிட்ட பாத்தாச்சு. மருந்து கிடையாதாம். நல்லா சாப்பிடச் சொன்னாங்க."

"அப்போ ஞாயித்துக்கிழமை காலைல..."

"பெட்ரோல் பங்க் தாண்டி நாப்பத்திரண்டு மிதி, இடதுல குழி. அதுலேருந்து பதினேழு மிதி, மேன்ஹோல். எல்லாம் இருக்கு." நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "அன்னிக்குப் புது ரோடுன்னு சக்கரம் சொல்லிச்சு. ஆனா எந்தக் குழியை மூடினாங்க, எதை விட்டாங்கன்னு சக்கரம் சொல்லலையே. அதான் எல்லாத்தையும் காட்டிட்டேன்."

அவர் அதை ஒரு சாமர்த்தியம் போலச் சொன்னார். ஒரு கணம் எனக்கும் சாமர்த்தியமாகவே பட்டது.

"எல்லார்கிட்டயும் சொல்லிடலாமே அக்கா. நடுவுல ஓட்டலாம். யாரும் தப்பா..."

"ஆபீஸ்ல சொன்னேன்" என்றார். "அன்னியிலேருந்து தினமும் யாராவது கையைப் புடிச்சுப் படி இறக்கி விடறாங்க. பதினெட்டு வருஷமா நான் இறங்கற படி. லிஃப்ட் பட்டனைக்கூட அழுத்த விடறதில்ல. நல்ல ஜனங்கதான்." தன் பாதிக் கிழங்கின் தோலை உரித்தார். "வாரத்துல ஆறு நாள் அவங்க என்னைக் கூட்டிட்டுப் போறாங்க. ஒரு நாள் நான் பதிமூணு பேரைக் கூட்டிட்டுப் போறேன். அதையும் குடுத்துடச் சொல்றியா?"

பிறகு தன் திட்டத்தைச் சொன்னார். நான் எப்போதும் அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வர வேண்டும். புறப்படும்போது என் கைபேசியிலிருந்து அவரை அழைத்து, பயணம் முடியும் வரை துண்டிக்காமல் வைத்திருக்க வேண்டும். அவர் காதில் ஓர் இயர்போன், என் காதில் ஒன்று. அவர் முதுகுக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து, சாலையில் புதிதாக ஏதாவது தென்பட்டால் மெதுவாகச் சொல்ல வேண்டும். மற்றதை அவர் கை செய்யும்.

மறுக்க வேண்டும் என்று அறிந்திருந்தேன். அவர் பிட்டுத் தந்த கிழங்கு கையில் இன்னும் சூடாக இருந்தது. சரி என்றேன்.

அதன் பிறகு நான்கு மாதங்கள், ஞாயிறுதோறும் இரண்டரை மணி நேரம், அவருடைய மூச்சு என் காதுக்குள் கேட்டது. மேட்டில் ஏறும்போது அது தடிக்கும். சரிவில் மெலியும். "இடதுல மணல்" என்று நான் முணுமுணுத்தால், அடுத்த நொடி முன்னே மஞ்சள் சட்டையிலிருந்து கை விரிந்து அசையும். "மணல்!" என்று அவர் குரல் முழங்கும். என் முணுமுணுப்பு அவருடைய முழக்கமாக மாறிப் பன்னிரண்டு பேரை ஒதுங்க வைத்தது. வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்தால் நாக்கு உலர்ந்துபோகும் எனக்கு, அது பிடித்திருந்தது. இதை மறைத்து எழுதினால் இந்தச் சித்திரம் பொய்யாகிவிடும்.

"கேப்டன் காதுல இன்னா பாட்டு ஓடுது?" என்று ஒரு நாள் அண்ணன் கேட்டார்.

"பழைய பாட்டுண்ணா. மெலடி."

"நமக்கும் போடறது! கடைசில ஒண்டியா வர்றேன், ரொம்ப பேஜாரா கீது."

கேப்டன் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். சரியாக நான் இருந்த திசைக்கு அல்ல. ஒரு சாண் தள்ளி.

டிசம்பரில் ஒரு முறை, முடிச்சூரில் குறுக்கே படுத்திருந்த நாயை நான் சொல்லச் சற்றுத் தாமதமானது. அவருடைய முன் சக்கரம் அதன் வாலை உரசிக்கொண்டு போனது. நாய் அலறியது. காதில் அவருடைய மூச்சு ஒரே ஒரு முறை நின்று, மறுபடி சீரானது. பயணத்தின் முடிவில், "தூங்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் கோபமில்லை. தன் கண்ணைத் தானே தேய்த்துவிட்டுக்கொள்வது போன்ற ஒரு தொனி இருந்தது. அன்றுதான் முதல் முறையாக எனக்கு அவர்மீது அச்சம் வந்தது.

போகிப் பண்டிகை அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஐந்து மணிக்கு மேற்குத் தாம்பரத்தில் கூடியபோதே தெருவிளக்குகள் பழுப்பு உருண்டைகளாகத் தெரிந்தன. பாய், பழந்துணி, டயர் எரியும் நாற்றம். முடிச்சூரைத் தாண்டியதும் புகையும் பனியும் சேர்ந்து சாலையை முழுவதுமாக மூடிக்கொண்டன. விளக்கின் ஒளி முன்னே போகாமல் முகத்துக்கே திரும்பி வந்தது. அவருடைய பின் சக்கரத்தின் சிவப்பு விளக்கைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

"அக்கா, ஒண்ணும் தெரியல" என்றேன், கழுத்தருகே தொங்கிய ஒலிவாங்கியில்.

"பரவாயில்ல" என்றது காதுக்குள் குரல். "எனக்கு எப்பவும் இப்படித்தான்."

வேகம் குறையவில்லை. குறையவில்லை என்பது மட்டுமல்ல, என் கருவி பிற்பாடு காட்டியபடி சற்றுக் கூடியிருந்தது. மழைக்காலத்தில் அந்தச் சாலையில் குழிகள் திரும்பியிருந்தன. கை இறங்கியது. குழி. பதினேழு மிதி. மீண்டும் இறங்கியது. மேன்ஹோல். ஒன்றும் தவறவில்லை. அந்தப் புகைக்குள் எல்லோரும் குருடாகிப்போன அந்தக் காலையில், பழக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். காதில் கேட்ட மூச்சில் நான் அதுவரை அறியாத ஒன்று இருந்தது. அது மகிழ்ச்சி என்று புரிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"நிறுத்துங்க அக்கா" என்றேன்.

மூச்சு.

"அக்கா, நிறுத்துங்க. ப்ளீஸ்."

முட்டி மடங்கவில்லை. நான் கத்தியிருக்கலாம். எனக்குப் பின்னால் ஒரு முழத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒரே ஒரு உரத்த சொல் போதும். நான் ஒலிவாங்கியில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

வரதராஜபுரத்துக்கு அருகே, சாலையை ஒட்டிய வீடுகளின் முன்னால், அந்தப் பெண்மணி குந்தி அமர்ந்திருந்தார். மார்கழியின் கடைசி நாளுக்கான பெரிய கோலம். வாசல் போதாமல் தார்ச்சாலை வரை இறங்கியிருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டி, குனிந்து, சத்தமின்றி, சிவப்புப் பொடியால் ஓர் இதழை நிரப்பிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்த இடத்தில் அவர் இல்லை. எந்தப் பாடத்திலும் அவர் இல்லை.

நான் அவரைப் பார்த்தபோது இடைவெளி ஒரு கை நீளம். அதற்குள் மஞ்சள் சட்டை அவரைக் கடந்துவிட்டிருந்தது. கோலப்பொடிக் கிண்ணத்துக்கும் அதை எடுக்க நீண்ட கைக்கும் நடுவே, ஒரு சாண் அகலத்தில், அந்த முன் சக்கரத்தின் தடம் நேராகப் போயிருந்தது. கொஞ்சமும் வளையவில்லை. கை இறங்கவில்லை. நான் வலப்புறம் ஒடித்தேன். என் முழங்கை அந்தப் பெண்மணியின் ஈரக் கூந்தலில் பட்டது. பின்னால் அலறல். எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னைப் பின்பற்றி வளைந்து, கோலத்தின் குறுக்கே ஓடினார்கள்.

"என்ன சத்தம்?" என்றார் அவர், காதுக்குள்.

நான் மிதித்துக்கொண்டே போனேன்.

தேநீர்க் கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணெரிச்சலும் இருமலும் அடங்காமலே கைதட்டினார்கள்.

"அந்தம்மா இன்னா திட்டு திட்டுச்சு!" என்றார் அண்ணன். "நீங்கள்லாம் சுர்ருனு போய்ட்டீங்க. கடைசில வந்த எனக்குத்தான் முழு அர்ச்சனை. 'கண்ணு அவிஞ்சி பூட்ச்சாடா, கோலம் போடறது தெர்ல?'ன்னு ஓடியாந்துச்சு. இன்னும் ரெண்டு செகண்டு லேட்டுன்னா தொடப்பத்தால வாங்கிருப்பேன்."

பெரும் சிரிப்பு. அவரும் சிரித்தார். கேப்டனின் சிரிப்பு ஒரு நொடி பிந்தி வந்தது.

"ஆனா ஒண்ணு சொல்றேன்" என்று அண்ணன் தம்ளரை உயர்த்தினார். "இந்தப் புகையில, ஒரு கீறல் இல்லாம பதிமூணு பேரைக் கொண்டாந்து சேத்துக்கீறாங்க. குடியரசு தினத்துக்கு அஞ்சு குரூப்பும் ஒண்ணா போறோம், அறுபது பேரு. முன்னாடி யார் ஓட்டறதுன்னு ராவெல்லாம் மெசேஜ்ல சண்டை. இனிமே இன்னா சண்டை? நம்ம கேப்டன்தான். நாளைக்கு சாயங்காலம் எல்லாருக்கும் சொல்லிடறேன். இன்னா கேப்டன்?"

"எந்த ரோடு?" என்று கேட்டார் அவர்.

"உத்திரமேரூர் பக்கம். புது ரோடு. சும்மா ஜம்முனு இருக்கும்."

அவர் மறுக்கப் போகிறார் என்று எண்ணினேன். அவருடைய முகம் சற்றே உயர்ந்து, எல்லோருடைய குரலும் வந்த திசையை நோக்கி ஒளிர்ந்தது. "போலாமே" என்றார்.

திரும்பும்போது சைக்கிள்களின் அருகே நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அவருடைய முன் டயரில் சிவப்புப் பொடி ஒரு கோடாக ஒட்டியிருந்தது. அதைச் சொன்னேன். குந்தியிருந்த பெண்ணைச் சொன்னேன். சாண் அளவைச் சொன்னேன். அவர் குனிந்து, விரலால் டயரைத் தடவி, அந்த விரலைக் கண்ணுக்கு நேரே, வட்டத்துக்குள் கொண்டுவந்து பார்த்தார்.

"படல இல்ல?"

"படல. ஆனா..."

"படலன்னா விடு."

"அக்கா, அறுபது பேர். உங்களுக்குத் தெரியாத ரோடு. வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க. காரணம்கூட சொல்ல வேண்டாம்."

"ரெண்டு வாரம் இருக்கு. லீவு போட்டுட்டு தினம் போய்ப் பாத்துடுவேன். அப்புறம் நீ இருக்கியே."

"நான் வரல. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

அவர் என் தோளைத் தேடிக் கை வைத்தார். அந்தத் தொடுதல் மிக மென்மையாக இருந்தது.

"சொல்ல மாட்ட" என்றார். "ஆகஸ்ட்லயே உனக்குத் தெரியும். யார்கிட்ட சொன்ன? இத்தனை பேர்ல நான் ஏன் உன்னைக் கூப்பிட்டேன்னு நினைக்கிற? நல்லா ஓட்டறவங்க வேற இல்லையா?"

அவர் மிரட்டவில்லை. என்னைப் பற்றித் தாம் கண்டறிந்த ஒன்றை, அன்போடு, ஒரு நற்சான்றிதழ் போல எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு ஏறி அமர்ந்தார். "கால் பண்ணு, கிளம்பலாம்" என்றார். நான் அழைத்தேன். திரும்பும் வழியெல்லாம் "இடதுல சாம்பல்", "வலதுல வண்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் பொங்கல். காலை எட்டு மணிக்குச் சைக்கிளை எடுக்காமல் பேருந்தில் கீழ்க்கட்டளை போனேன். அண்ணன் வீட்டு வாசலில் கரும்பு சாத்தியிருந்தது. அவர் புது வேட்டியில் இருந்தார்.

"அட, வாம்மா வாம்மா! பொங்கலும் அதுவுமா நம்ம வூட்டுக்கு வந்துக்கீற. சாப்ட்டுட்டுத்தான் போவணும், சொல்லிட்டேன்."

வாசலிலேயே நின்று சொன்னேன். முதல் வாக்கியத்தில் அவர் சிரித்தார். இரண்டாவதில் சிரிப்பு நின்றது. வட்டத்தை, சனிக்கிழமைகளை, காதில் ஓடிய பாட்டை, கோலத்தை, ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொன்னேன். என் குரல் தெரு முழுதும் கேட்கும் அளவுக்கு உரக்கத்தான் இருந்தது.

அண்ணன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நவம்பர்ல ரெண்டு வாரம் என் பொண்ணு வந்தாளே. பத்திரமா இருக்கட்டும்னு உனக்குப் பின்னாடியேதான வுட்டேன். அப்பவும் உனக்குத் தெரியுமா?"

அந்தப் பெண் பாவாடை தாவணியில், எனக்காகச் சர்க்கரைப் பொங்கல் வைத்த தட்டுடன், அவருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"தெரியும்ணா" என்றேன்.